அரக்குத் தட்டும் தங்க ரேக்கும்: செல்லூர் மாடியில் செய்து பார்த்த நிலைமின்சாரம்

பி.வி.சி. குழாயைக் கம்பளியில் தேய்த்தால் மின்னூட்டம் வரும். எண்ணெய் வைக்காத தலையில் சீப்பை ஓட்டினாலும் வரும். மின்னூட்டத்தை வரவழைப்பது பெரிய காரியமே இல்லை. வந்ததைப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் வேலை. பள்ளிக்கூடத்துச் செய்முறை வகுப்புகளில் இந்தச் சோதனைகள் பிசுபிசுத்துப் போவதற்கும் இதுவே காரணம் என்பது என் கருத்து. பிள்ளைகள் நன்றாகத்தான் தேய்க்கிறார்கள். தேய்த்த பொருளைத் தாங்கி நிற்பது எது என்று யாரும் கவனிப்பதில்லை.

செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் இதற்காகவே இரண்டு கருவிகள் செய்தேன். ஒன்று, மின்னூட்டம் இருப்பதைக் காட்டும் தங்க ரேக்கு நிலைமின்காட்டி; அடித்து மெல்லிய தாளாக்கிய தங்கத்தில் வெட்டிய இரண்டு இலைகள், ஒரே மின்னூட்டம் பெற்றால் ஒன்றையொன்று தள்ளி விரியும். மற்றது, ஒருமுறை தேய்த்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பொறி எடுக்கக்கூடிய அரக்குத் தட்டு. தேவையான பொருள்கள் அனைத்தும் மாசி வீதிகளைச் சுற்றியே கிடைத்துவிட்டன.

முதலில் பருவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரையில் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இந்த வேலையைத் தொடுவது வீண். பங்குனி, சித்திரைப் பிற்பகல்கள்தான் தோதானவை. கொட்டகைச் சுவரில் சிறிய ஈரப்பதமானி ஒன்றை மாட்டியிருக்கிறேன். முள் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கருவிகளை எடுப்பேன். அதே நாளின் விடியற்காலையில் அது 70-ஐத் தாண்டி நிற்கும். அந்த நேரத்தில் என்ன தேய்த்தாலும் பலன் குறைவு.

ஈரக் காற்று மின்சாரத்தைக் கடத்திவிடுகிறது என்று பலரும் சொல்கிறார்கள். காற்றின் வழியே நேராகக் கசிவது சொற்பம்தான். காற்றிலுள்ள நீராவி பொருளின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகிறது. கைவியர்வையின் உப்பும் தூசியும் அதில் கரைந்ததும் அந்தப் படலம் மின்கடத்தியாகிவிடுகிறது. மின்னூட்டம் அதன் வழியே ஊர்ந்து நம் கைக்கோ மேசைக்கோ போய்விடுகிறது. சாதாரணக் கண்ணாடியில் இந்தத் தொல்லை அதிகம்; அதன் மேற்பரப்பு ஈரத்தை விரும்பி வாங்கிக்கொள்ளும். மெழுகிலும் டெஃப்ளானிலும் நீர் ஒட்டாததால் படலம் தொடர்ச்சியாக அமையாது. மின்சாரத்தைக் கடத்தாத காப்புப் பொருளைத் தேர்ந்தெடுக்க நான் வைத்துக்கொண்ட சோதனை எளியது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். பரவினால் ஒதுக்கிவிடுவேன்; உருண்டு நின்றால் எடுத்துக்கொள்வேன்.

நிலைமின்காட்டிக்கு வாய் அகன்ற ஊறுகாய் ஜாடி ஒன்றை எடுத்துச் சோப்பு நீரில் கழுவி வெயிலில் காயவைத்தேன். அதன் பிளாஸ்டிக் மூடியின் நடுவில் துளையிட்டு, 2 மில்லிமீட்டர் கனமுள்ள செம்புக் கம்பியை இறக்கினேன். கம்பி மூடியை நேரடியாகத் தொடக்கூடாது. தொடும் இடத்தில் குழாய் வேலைக்காரர்கள் மரைக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்ளான் டேப்பைச் சுண்டுவிரல் கனத்துக்குச் சுற்றி, துளைக்குள் இறுக்கிச் செருகி, மேலே மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி அடைத்தேன். கம்பியின் மேல்முனையில் அலுமினியத் தாளை இறுக்கிச் சுருட்டிய உருண்டை. கீழ்முனையைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினேன். ஜாடிக்குள் ஈரம் உறிஞ்ச, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு. கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு பட்டை அலுமினியத் தாளும் ஒட்டினேன். கண்ணாடியே மின்னூட்டம் பெற்று இலைகளை இழுத்துக் குழப்பாமல் இருப்பதற்கு அது வேண்டும்.

இலைக்குத் தங்க ரேக்கு வேண்டும். கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன்.

“லேகியத்துக்கா, சாமி படத்துக்கா?” என்றார் கடைக்காரர்.

“இரண்டுக்கும் இல்லை அண்ணாச்சி. மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்க.”

“அப்படியானால் ஓரம் கிழியாததாகப் பார்த்துத் தருகிறேன்.”

அவர் பொறுக்கித் தந்த அந்த ஒரு தாள்தான் இந்தக் கருவியின் உயிர். நன்றாக அடித்த தங்க ரேக்கின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மஞ்சள் மறைந்து இளம்பச்சையாக ஒளி ஊடுருவும். 1787-இல் ஆபிரகாம் பென்னெட் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் தம் மின்காட்டியில் தங்க இலையைத் தொங்கவிட்டதற்குக் காரணம் இந்த மெல்லிய தன்மைதான். தங்கம் என்பதால் தனிச்சிறப்பு ஒன்றும் இல்லை. இலை எவ்வளவு இலேசோ, அவ்வளவு குறைந்த விசைக்கும் அது விலகும். சமையலறை அலுமினியத் தாளில் வெட்டிய இலைகளையும் மாட்டிப் பார்த்தேன். குழாயை அருகில் கொண்டுவந்தால் சோம்பலாகத்தான் விரிந்தன. வெள்ளி ரேக்கு பரவாயில்லை. ஆனால் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும்.

ரேக்கை வெட்டும்போது மின்விசிறி ஓடக்கூடாது, பேச்சும் கூடாது. மேலும் கீழும் உள்ள மெல்லிய தாளோடு சேர்த்து, புது பிளேடால் 6 மில்லிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் நீளம் என இரண்டு கீற்றுகள் வெட்டினேன். விரல் பட்டால் ரேக்கு விரலோடு ஒன்றி மறைந்துவிடும். அகன்ற ஓவியத் தூரிகையைக் கன்னத்தில் ஒருமுறை தேய்த்துக்கொண்டால் தோலின் எண்ணெய்ப் பிசுக்கு அதில் ஏறும். அதன் நுனியால் தொட்டால் கீற்று மேலே எழுந்து வந்துவிடுகிறது. கம்பியின் தட்டையான முனையின் இரு பக்கமும் மிக மெல்லியதாகக் கோந்து தடவி, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டினேன். கோந்து குறுக்கே நின்று மின்சாரத்தைத் தடுக்குமோ என்று அஞ்ச வேண்டாம். இங்கே ஆயிரக்கணக்கான வோல்ட்டில் விளையாடுகிறோம். அந்த அழுத்தத்துக்குக் கோந்தும் கடத்திதான்.

மூடியை மூடியதும் எந்தப் பொருளையும் காட்டாத நிலையிலேயே இலைகள் சற்று விரிந்து நின்றன. டேப்பை இழுத்துச் சுற்றும்போதே டெஃப்ளான் மின்னூட்டம் பெற்றுவிடுகிறது. பெற்றதை எளிதில் விடவும் மாட்டாது. நல்ல காப்புப் பொருளின் மறுபக்கம் இது. இதற்கு மருந்து தீச்சுடர். சுடரில் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களும் மூலக்கூறுகளும், நிறைந்திருப்பதால் அதன் மேலெழும் சூடான காற்று மின்னூட்டத்தைக் கரைத்துவிடும். மூடியைக் கழற்றி, மெழுகு உருகாத தூரத்தில் ஒரு சூடத்தைக் கொளுத்திக் காட்டினேன். மீண்டும் மூடியபோது இலைகள் சேர்ந்து நேராகத் தொங்கின. குழாயிலிருந்தோ பலூனிலிருந்தோ மின்னூட்டத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவும் இதையே செய்கிறேன். பலூனுக்குச் சுடர் சற்றுத் தள்ளியே இருக்கட்டும்.

இனி எந்தத் துணி என்ற கேள்வி. கையருகில் இருந்தது சுங்குடிச் சேலைத் துண்டு. அதைச் சுற்றிக் குழாயைத் தேய்த்துக் காட்டினால் இலைகள் அசைவது போல் அசைந்து நின்றுவிடும். பருத்தி ஈரத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும் இழை. மதுரை வெயிலுக்குச் சுங்குடி இதமாக இருப்பதும் இதற்கு அது உதவாமல் போவதும் ஒரே குணத்தால்தான். பட்டுத் துண்டு நன்றாக வேலை செய்தது. எல்லாவற்றையும் விடச் சிறந்தது கொடைக்கானலில் வாங்கி அலமாரியில் கிடந்த கம்பளி மப்ளர். அதில் நாலு இழுப்பு இழுத்த குழாயை ஒரு முழத் தொலைவில் காட்டினாலே இலைகள் எழும்பத் தொடங்குகின்றன.

குழாயைத் தொடாமல் காட்டிவிட்டு விலக்கினால் இலைகள் பழையபடி சேர்ந்துவிடும். உருண்டையைக் குழாயால் வருடினால் விரிந்தபடியே நிற்கும். குழாய் எதிர் (மைனஸ்) மின்னூட்டம் உடையது. கம்பளியிலிருந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டது. இலைகளுக்கு எதிர் மின்னூட்டம் ஏற்றிவிட்டு, பட்டில் தேய்த்த கண்ணாடித் தண்டை மெல்ல அருகில் கொண்டுவந்தால் இலைகள் சுருங்கும். கண்ணாடிக்கு நேர் மின்னூட்டம் என்பது இப்படித் தெரியவரும். அந்தத் தண்டை முதலில் நெருப்பில் வாட்டிக் காயவைக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. மின்னூட்டம் இரண்டு வகைப்படும் என்று பிரான்ஸின் டுஃபே 1733-இல் கண்டறிந்தார். கண்ணாடி வகை, பிசின் வகை என்றே அவர் அவற்றைப் பிரித்தார்.

தேய்ப்பதால் மின்சாரம் “உண்டாகிறது” என்ற எண்ணத்தை ஒட்டும் டேப் சோதனை மாற்றிவிடும். தெளிவான டேப்பை ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு துண்டுகளாக வெட்டி மேசைமேல் அருகருகே ஒட்டி, இரண்டையும் வேகமாக உரித்து எதிரெதிரே தொங்கவிடுங்கள். ஒன்றையொன்று தள்ளும். இப்போது ஒரு துண்டை மேசையில் ஒட்டி, அதன் முதுகின்மேல் மற்றதை ஒட்டி, இரண்டையும் சேர்த்தே உரித்து, சுடரின் சூட்டில் காட்டியபின் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரியுங்கள். பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். இங்கே தேய்ப்பே இல்லை. இரண்டு பரப்புகள் நெருங்கித் தொட்டு, பிறகு பிரிந்தன, அவ்வளவுதான். தொட்ட இடத்தில் ஒன்று கொடுத்தது, மற்றது வாங்கியது. தேய்ப்பதன் பயன், மேடுபள்ளமான இரண்டு பரப்புகள் மேலும் மேலும் பல புள்ளிகளில் தொட்டுக்கொள்ளச் செய்வதே. காப்புப் பொருள்களுக்கு இடையே கைமாறுவது எலக்ட்ரான் மட்டுமா, அயனிகளும் பொருளின் நுண்துணுக்குகளும் சேர்ந்தா என்பது இன்றும் ஆய்வுக்கூடங்களில் சூடாக விவாதிக்கப்படும் கேள்வி. இவ்வளவு பழைய விஷயத்தில் இன்னும் தீராத கேள்வி இருப்பது எனக்குப் பெரும் உற்சாகம் தருகிறது.

அடுத்தது அரக்குத் தட்டு. 1762-இல் சுவீடனில் வில்க்கே இதன் தத்துவத்தைக் காட்டினார். 1775-இல் வோல்டா இதைச் செம்மையாக்கிப் பெயர் பெற வைத்தார். அடியில் ஒரு காப்புப் பொருள் அடை, அதன்மேல் காப்புக் கைப்பிடி வைத்த உலோகத் தட்டு. அடைக்குத் தெர்மாகோலோ அக்ரிலிக் பலகையோ போதும். ஆனாலும் பழைய முறைப்படி பிசினில் வார்க்கவே ஆசைப்பட்டேன். தெற்காவணி மூல வீதியில் நகை வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் அரக்கு பற்றிக் கேட்டேன்.

“நாங்கள் பிடிமானத்துக்குச் செங்கல் பொடி கலப்போம் தம்பி. உங்களுக்குச் சுத்த அரக்குதான் வேண்டும். மரத்துக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் வாங்கும் செதிலை வாங்குங்கள். நேராகத் தீயில் காட்டாதீர்கள், தணல் போதும்” என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. அரக்கு 80 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கும். அதிகச் சூட்டில் நெடுநேரம் வைத்தால் மறுபடி உருகாத ரப்பராகக் கெட்டித்துவிடும். பழைய அலுமினியச் சட்டியை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து, செதிலோடு சிறிது தேன்மெழுகும் சேர்த்துப் பொறுமையாகக் கிளறினேன். மெழுகு இல்லாவிட்டால் ஆறும்போது விரிசல் விடும். திறந்த மாடியில் செய்வது நல்லது; வாடை தலையைச் சுற்றும். இளகிய குழம்பை விளிம்பு தாழ்ந்த எவர்சில்வர் தாம்பாளத்தில் விரல் கனத்துக்கு ஊற்றி, தாம்பாளத்தின் அடியை வெந்நீரில் வைத்து, குமிழிகளை ஊசியால் குத்திவிட்டு, மெதுவாக ஆறவிட்டேன். ஆறியபின் பழுப்புச் சிவப்பில் கண்ணாடிபோல் பளபளத்தது. தண்ணீர்ச் சொட்டு உருண்டு நின்றது.

மேல்தட்டு, 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு. கவனிக்க வேண்டியது அதன் விளிம்பு. சுருட்டி மடித்த உருண்ட விளிம்பு இருக்க வேண்டும்; கூரிய விளிம்பிலிருந்து மின்னூட்டம் காற்றில் கசிந்துவிடும். வெட்டிய தகரத் தட்டில் பொறி எடுக்க முடியாமல் போவது இதனால்தான். கைப்பிடி ஒரு சாண் பி.வி.சி. குழாய்.

அரக்கை மப்ளரால் அழுத்தித் தேய்த்து, தட்டை அதன்மேல் வைத்து, அப்படியே தூக்கி நிலைமின்காட்டியில் தொட்டால் அநேகமாக ஒன்றும் இல்லை. வைத்த நிலையிலேயே விளிம்பை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு, விரலை எடுத்தபின் தூக்கினால் கதையே வேறு. விரல் முட்டியை அருகில் கொண்டுபோகும்போது ‘சடக்’ என்று ஊதா நிறப் பொறி. மறுபடி வைத்து, தொட்டு, தூக்கினால் மறுபடி பொறி. நடுவில் அரக்கைத் தேய்க்கவே வேண்டியதில்லை.

அரக்கின் மின்னூட்டம் எங்கும் போகவில்லை என்பதே இதன் சூட்சுமம். அரக்கு காப்புப் பொருள். தட்டு அதைச் சில புள்ளிகளில்தான் தொடுகிறது. அங்கிருந்து எலக்ட்ரான்கள் தட்டுக்கு ஏறிவிட முடியாது. ஆனால் அவை தட்டிலுள்ள எலக்ட்ரான்களைத் தள்ளுகின்றன. விரல் தொட்டபோது தள்ளப்பட்டவை நம் உடல் வழியே வெளியேறிவிடுகின்றன. விரலை எடுத்ததும் தட்டு எலக்ட்ரான் குறைந்து, நேர் மின்னூட்டத்தோடு நிற்கிறது. பிறகு அதைத் தூக்குவது, எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை. பொறியின் ஆற்றல் முழுவதும் நம் தோளிலிருந்து வருகிறது.

தட்டு நேர், குழாய் எதிர் என்பதை மின்சார டெஸ்டரால் கண்ணால் பார்க்கலாம்; இந்த வேலை முழுவதிலும் நான் மிகவும் ரசித்த பகுதி இது. டெஸ்டரின் நியான் விளக்குக்குள் இரண்டு மெல்லிய கம்பிகள் நிற்கும். வீட்டு மின்சாரத்தில் திசை நொடிக்கு 50 சுழற்சி மாறுவதால் இரண்டும் ஒளிர்வதாகத் தெரியும். ஒருதிசை மின்சாரத்தில் எதிர்முனைக் கம்பியை மட்டுமே ஆரஞ்சு ஒளி கவ்வும். கொட்டகையை இருட்டாக்கி, டெஸ்டரின் பின்முனையில் விரலை வைத்துக்கொண்டு, நுனியால் தட்டைத் தொட்டேன். விரல் பக்கத்துக் கம்பியில் ஒரு மின்னல். நுனியைத் தேய்த்த குழாயின் மீது ஓட்டியபோது நுனிப் பக்கத்துக் கம்பியில் மினுக் மினுக்கென்று விட்டுவிட்டு ஒளிர்ந்தது. தட்டு உலோகம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது. குழாயில் மின்னூட்டம் அந்தந்த இடத்திலேயே தங்கியிருப்பதால் நுனி போய்த் தொட்ட இடம்தான் தருகிறது. கடத்திக்கும் காப்புப் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

பொறியின் நீளம் உலர்ந்த நாட்களில் 5 மில்லிமீட்டர் வரை வந்தது. காற்று உடைந்து பொறி பாய மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும் என்பதால் தட்டில் 15,000 வோல்ட் அளவு இருந்திருக்கிறது. இந்த விட்டமுள்ள தட்டின் மின்தேக்குத்திறன், அதாவது ஒவ்வொரு வோல்ட்டுக்கும் அது ஏற்கும் மின்னூட்டத்தின் அளவு, ஏறத்தாழ 7 பிக்கோஃபாரட். இரண்டையும் பெருக்கி, ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்தால் தட்டை விட்டுப் போன எலக்ட்ரான்கள் 65,000 கோடி என்று வருகிறது. பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் 200 கிராம் தட்டிலுள்ள மொத்த எலக்ட்ரான்களோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ ஒரு கோடி கோடிக்கு ஒன்றுதான் வெளியேறியது. அந்த ஒன்று குறைந்ததற்கே பொறி பறக்கிறது.

அந்தப் பொறியின் ஆற்றல் முக்கால் மில்லிஜூல். விரலுக்கு ஒரு சுள்ளென்ற குத்து, அவ்வளவே. ஆனால் பெட்ரோல் ஆவி சரியான விகிதத்தில் காற்றோடு கலந்திருந்தால், பற்றிக்கொள்ள ஏறத்தாழ கால் மில்லிஜூல் போதும். எனவே தின்னர், பெட்ரோல், திறந்த வண்ணப்பூச்சு டப்பா எதுவும் இந்த மேசைக்கு அருகில் வரக்கூடாது. அரக்கைத் தேய்ப்பது போலவே நம் உடலும் நைலான், பாலியஸ்டர் துணியில் உராய்ந்து மின்னூட்டம் பெறும். நமக்கு லேசாக உறைக்கும் பொறிக்கே அந்த ஆற்றல் உண்டு. மதுரைக்குத் தெற்கே சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறைக்குள் நுழையுமுன் வாசலில் தரையோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும் என்றும் பருத்தி உடையே உடுத்த வேண்டும் என்றும் விதி வைத்திருப்பது இதற்காகத்தான். என் மேசையில் உதவாத சுங்குடியின் ஈரக்குணம் அங்கே உயிர் காக்கிறது. தகட்டைத் தொடுவது வெறும் சடங்கு என்று எண்ணி யாரும் அதைத் தாண்டிப் போய்விடக்கூடாது என்பதற்காகவே இந்தக் கணக்கை இங்கே விரிவாக எழுதினேன்.

தட்டின் பொறிகளைச் சேர்த்து வைக்கச் சிறிய லேடன் ஜாடி ஒன்றும் செய்தேன். பிளாஸ்டிக் டம்ளரின் உள்ளும் புறமும் மேல்விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே வரை அலுமினியத் தாள். உள்தாளோடு இணைந்த ஒரு கம்பி. புறத்தாளைக் கையால் பிடித்துக்கொண்டு தட்டைத் திரும்பத் திரும்பக் கம்பியில் தொட்டு ஏற்றலாம். இறக்குவதற்குக் காப்பு உறையுள்ள வயரின் ஒரு முனையைப் புறத்தாளிலும் மறுமுனையைக் கம்பியிலும் வைக்க வேண்டும். டம்ளர் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன், பல ஜாடிகளை இணைத்த வரிசை என்று போனால் அதிர்ச்சி ஆபத்தான அளவுக்கு ஏறும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஜாடியை எப்போதும் கம்பியையும் புறத்தாளையும் ஒரு வயரால் இணைத்தே வையுங்கள். இறக்கிவிட்ட பிறகும் மிச்ச மின்னூட்டம் பிளாஸ்டிக்கிலிருந்து மெல்ல ஊறி வரும்.

அரக்குத் தட்டை வெயிலில் மட்டும் விடாதீர்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தரை அதை இளக்கிவிடும். தூசி படிந்தால் ஈரத் துணியால் துடைக்காமல், உலர்ந்த பட்டால் தட்டிவிட்டு, பரப்பு மங்கியிருந்தால் சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு விரற்கடை உயரத்தில் காட்டினால் மறுபடி பளபளக்கும். இலைகள் எவ்வளவு நேரம் விரிந்து நிற்கின்றன என்பதை ஈரப்பதமானியின் அளவோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஐப்பசி மழை பிடித்த பிறகும் மெழுகும் டெஃப்ளானும் தாக்குப்பிடிக்கின்றனவா, மூடிக்கு வேறு பொருள் வேண்டுமா என்பதை அந்த எண்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.